உயர்தரம் எழுதும் பிள்ளைக்குத் தோட்டம் என்ன செய்யலாம்?

(நமது சங்கத்தின் கல்விக் குழு சார்பில், தோட்டத் தலைவர்கள், மாதர் அணியினர், பெற்றோர் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

இந்தக் கூட்டத்துக்கு அழைத்தபோது சில தலைவர்கள் நம்மிடம் நேராகவே கேட்டார்கள். சம்பளப் பிரச்சினை இருக்கிறது, ஈ.பி.எஃப். பிரச்சினை இருக்கிறது, வீட்டுக் காணிக்கு உறுதி இல்லை. இதையெல்லாம் வைத்துக்கொண்டு சங்கம் ஏன் டியூசன் நடத்தப் போகிறது என்று. நியாயமான கேள்விதான். சந்தா கட்டுகிறவருக்கு அதைக் கேட்க உரிமை உண்டு.

ஆனால் தோட்டத்துப் படிப்பும் தொழிற்சங்கமும் எப்போதும் இரண்டு தனித்தனிப் பாதைகளாக இருந்ததில்லை. தோட்டப் பாடசாலைகள் துரைமாரின் கையில் இருந்த காலத்தில், ஒரு மண்டபமும் ஓர் ஆசிரியரும்தான் பாடசாலை. பெயர் எழுதத் தெரிந்தால் போதும், பிறகு கொழுந்து எடுக்கப் போகலாம் என்பதுதான் அதன் அளவு. அந்தப் பாடசாலைகள் அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்தது 1970களின் பிற்பகுதியில் இருந்துதான். நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி 1945 இலேயே வந்துவிட்டது. நடுவில் போன அந்த முப்பது வருடங்களின் கடனைத்தான் இன்றும் நம் பிள்ளைகள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். 1947 இல் தலவாக்கலையில் இருந்து நாடாளுமன்றம் போன சி.வி. வேலுப்பிள்ளை தொழிற்சங்கவாதி; அவர் ஓர் ஆசிரியரும்கூட. ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கம் இருந்த காலத்தில் பல்கலைக்கழகம் என்ற ஆசை எத்தனை லயங்களுக்குள் நுழைந்தது என்பதை இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் சிலர் சொல்வார்கள். ஆகவே இது நமக்குப் புதிய வேலை அல்ல. விட்ட இடத்தில் இருந்து தொடர்கிறோம், அவ்வளவுதான்.

முதலில், நம் பிள்ளைகள் எதில் போட்டி போடுகிறார்கள் என்பதைப் பெற்றோர் விளங்கிக்கொள்ள வேண்டும். "மூன்று பாடமும் பாஸ், ஏன் கெம்பஸ் கிடைக்கவில்லை?" என்று ஒவ்வொரு வருடமும் நம்மிடம் கேட்கிறார்கள். பாஸ் என்பது வாசல்படி மட்டும். மூன்று பாடத்திலும் குறைந்தது ஒரு சாதாரண சித்தி வேண்டும்; பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளி வேண்டும். அதற்கு மேல் யாருக்கு இடம் என்பதைத் தீர்மானிப்பது இசட் புள்ளி.

இந்த இசட் புள்ளியைப் பற்றி நிறையப் பயமும் நிறையக் கதையும் உண்டு. நம் மலைக் கணக்கிலேயே சொல்லிப் பார்ப்போம். ஒரு தோட்டத்தில் இரண்டு மலை. ஒன்று நல்ல வீ.பீ. தேயிலை, அங்கே ஆளுக்குச் சராசரி 20 கிலோ எடுக்கிறார்கள். மற்றது கிழட்டு விதைத் தேயிலை. அங்கே சராசரி 12 கிலோதான். நல்ல மலையில் ஒருவர் 24 கிலோ எடுக்கிறார். கிழட்டு மலையில் ஒருவர் 18 கிலோ எடுக்கிறார். தராசைப் பார்த்தால் 24 பெரிது. ஆனால் இரண்டு மலையையும் தெரிந்த கங்காணியைக் கேட்டால், 18 கிலோ எடுத்தவர்தான் கெட்டிக்காரர் என்பார். இசட் புள்ளியும் அந்தக் கங்காணியின் கணக்குத்தான். அந்தப் பாடத்தை எழுதிய நாடு முழுவதும் உள்ள மாணவர்களின் சராசரி என்ன, அதைச் சுற்றி அவர்கள் எவ்வளவு தூரம் சிதறி நிற்கிறார்கள் என்று பார்க்கும். நல்ல மலையில் சிதறல் 4 கிலோ என்று வையுங்கள். 24 எடுத்தவர் சராசரிக்கு ஒரு படி மேலே. மற்ற மலையில் சிதறல் 3 கிலோ. 18 எடுத்தவர் இரண்டு படி மேலே. மூன்று பாடத்திலும் இப்படிப் படி பார்த்து, மூன்றுக்கும் சராசரி எடுத்தால் அதுதான் உங்கள் பிள்ளையின் இசட் புள்ளி.

இதில் இருந்து வீட்டுக்குக் கொண்டுபோக இரண்டு விஷயம் இருக்கிறது. "இந்தப் பாடம் லேசு, எல்லோரும் எடுக்கிறார்கள், நீயும் எடு" என்ற யோசனையில் அர்த்தமே இல்லை. எல்லோருக்கும் லேசான பாடத்தில் எல்லோரும் புள்ளி எடுப்பார்கள், சராசரி ஏறிவிடும், உங்கள் பிள்ளை இருந்த படியிலேயே இருக்கும். இரண்டாவது, இரண்டு பாடத்தில் கெட்டிக்காரராகவும் ஒன்றில் ஏனோதானோ என்றும் இருந்தால் அந்த மூன்றாவது பாடம் மற்ற இரண்டையும் கீழே இழுத்துவிடும். வெட்டுப்புள்ளி நான்கு தசம தானம் வரை போகிறது. கடைசிப் பாடத்தில் விட்ட ஒரு சிறு கேள்வி போதும், இடம் போய்விட.

அடுத்தது மாவட்டக் கணக்கு. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு, 40 வீதம் வரை அகில இலங்கைத் திறமை அடிப்படையில். 55 வீதம் வரை மாவட்டச் சனத்தொகைப்படி. 5 வீதம் வரை கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி, மொனராகலை ஆகியவை அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளன. கண்டி, மாத்தளை, கேகாலை இல்லை. அங்கேயும் நம் லயங்கள் இருக்கின்றன, அதே தகரக் கூரைதான், ஆனால் கணக்கு மாவட்டத்துக்கு, லயத்துக்கு அல்ல. இது பற்றிச் சங்கம் பேச வேண்டிய இடத்தில் பேசிக்கொண்டிருக்கும். பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: பிள்ளையின் மாவட்டம் என்பது பிறந்த ஊரை வைத்து அல்ல, பரீட்சைக்கு முந்திய வருடங்களில் படித்த பாடசாலையை வைத்து. சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் பெரிய நகரத்தில் படிக்கட்டும் என்று பிள்ளையை அனுப்பும் முன், அதிபரிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

வெளிமாவட்டப் பிள்ளைகள் நம் பக்கத்துப் பாடசாலைகளில் பெயரைப் பதிந்து பரீட்சை எழுதுகிறார்கள் என்ற முறைப்பாடும் பல வருடங்களாக இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் மேல் கோபப்பட்டுப் பிரயோசனம் இல்லை. வரவுப் பதிவேட்டைக் கேட்க வேண்டிய இடம் பாடசாலை அபிவிருத்திச் சங்கம். அந்தக் கூட்டத்துக்கு நம்மில் எத்தனை பேர் போகிறோம்? அரைநாள் பேர் போய்விடும் என்று போகாமல் இருப்பவர்கள் அதிகம். தோட்டத்துக்கு ஒருவரையாவது அனுப்பி, அவருடைய அரைநாளைச் சங்கம் பார்த்துக்கொள்ளலாம் என்பது நம் யோசனை. இதை இன்றைக்கே தீர்மானமாக எடுக்கலாம்.

பாடப் பிரிவைத் தெரிவு செய்வதில்தான் நம் பிள்ளைகள் முதல் தடவை தோற்கிறார்கள். அது அவர்களுடைய குறை அல்ல. பாடசாலைகளை 1ஏபி, 1சி, வகை 2, வகை 3 என்று பிரித்திருக்கிறார்கள். விஞ்ஞான, கணிதப் பிரிவு உயர்தரம் வரை உள்ளவை 1ஏபி மட்டும். 1சி என்றால் கலையும் வர்த்தகமும். மலையகத்தில் தமிழ்மொழி மூல 1ஏபி பாடசாலைகள் குறைவு; இருக்கும் இடத்திலும் பௌதிகவியலுக்கோ இணைந்த கணிதத்துக்கோ ஆசிரியர் இல்லாத தவணைகள் உண்டு. ஆகவே பிள்ளை "கலைதான் எனக்கு விருப்பம்" என்று சொன்னால், அது விருப்பமா அல்லது பக்கத்தில் அது மட்டும்தான் இருக்கிறதா என்று ஒரு தடவை கேளுங்கள். விருப்பமாக இருந்தால் நல்லது, கலையில் போய்ப் பெரியவர்களானவர்கள் நிறைய. இல்லை என்றால், சாதாரண தரப் பெறுபேறு வந்த அந்த வாரமே நம்மிடம் வாருங்கள். 2013 முதல் தொழில்நுட்பப் பிரிவும் இருக்கிறது. அது எந்தப் பாடசாலையில் இருக்கிறது என்று நம் குழுவினர் விசாரித்துச் சொல்வார்கள்.

இனி வீட்டு விஷயம். இதை மாதர் அணி சகோதரிகள் நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள். லயத்தில் ஒரு காம்பரா, ஓர் இஸ்தோப்பு. அதற்குள் அடுப்பு, தொலைக்காட்சி, சின்னப் பிள்ளைகள், வந்து போகிற சொந்தக்காரர். ஆண்பிள்ளை உயர்தரம் படித்தால் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கோயிலடிக்காவது போவான். பெண்பிள்ளை எங்கே போவாள்? அம்மா கொழுந்து நிறுத்து வீடு வர ஐந்து மணியாகும். அதற்குள் தண்ணீர் பிடித்து வைப்பதும் தம்பிமாரைப் பார்ப்பதும் அவள்தான். ராத்திரி ரொட்டி சுட்டு முடிய எட்டு மணி. பிறகு புத்தகத்தைத் திறந்தால் பத்தாவது வரியில் கண் சொக்கும். அப்படியிருந்தும் நம் தோட்டங்களில் உயர்தரத்தில் பெண்பிள்ளைகள்தான் அதிகம் முன்னுக்கு நிற்கிறார்கள் என்றால், மூன்று மணி நேரம் சும்மா விட்டால் அவர்கள் என்ன செய்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் கோரிக்கை பெரியதல்ல. பரீட்சைக்கு முந்திய ஆறு மாதம், மாலை ஆறரையில் இருந்து ஒன்பதரை வரை அந்தப் பிள்ளைக்கு வீட்டு வேலை இல்லை. தகப்பன்மாரும் அண்ணன்மாரும் குடத்தைத் தூக்கலாம்; யாருடைய மரியாதையும் குறைந்துபோகாது. அந்த மூன்று மணி நேரத்துக்கு ஓர் இடமும் வேண்டும். பல தோட்டங்களில் பிள்ளைக் காம்பரா பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு பூட்டித்தான் கிடக்கிறது. சமூக மண்டபம் இருக்கிறது, கோயில் மடம் இருக்கிறது. ஒரு தோட்டத்தில் மண்டபத் திறப்பைக் கேட்டபோது, கரண்ட் பில்லை யார் கட்டுவது என்று நிர்வாகம் கேட்டது. நாம் கட்டுகிறோம் என்று கமிட்டி எழுதிக் கொடுத்தது. இரண்டு குழல் விளக்கு. பில் வந்தபோது ஆளுக்கு ஒரு பிளேன்டீக் காசு கூட வரவில்லை. பெண்பிள்ளைகள் திரும்பி வர, லயத்துக்கு ஒரு தாய் முறை வைத்துப் போய்க் கூட்டி வருகிறார். முறை வைத்துச் செய்வது நமக்குப் பழக்கமில்லாத விஷயமா என்ன?

கோயில் கமிட்டிகளிடம் ஒரு வார்த்தை. 2024 இல் பரீட்சை ஆண்டின் கடைசிப் பகுதியில் வந்தது. கார்த்திகை மாதம், ஐயப்பன் மாலை போடும் காலம். பஜனை நடக்கட்டும், யாரும் தடுக்கவில்லை. கூம்பு ஸ்பீக்கரை மட்டும் அந்த மூன்று வாரம் இறக்கி வைத்தால் சுவாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

படிக்கும் முறையைப் பற்றி. டியூசன் காசைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். பஸ் காசு, வகுப்புக் காசு, இப்போது டேட்டா காசு. 2020, 2021 இல் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது சிக்னல் தேடி மேட்டில் ஏறி உட்கார்ந்த பிள்ளைகளை நாம் பார்த்தோம். ஆனால் காசு இல்லாமலே கிடைப்பவற்றை நாம் பாதிகூடப் பயன்படுத்தவில்லை. கடந்தகால வினாத்தாள்களையும் மதிப்பீட்டு அறிக்கைகளையும் பரீட்சைத் திணைக்களம் வெளியிடுகிறது. பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும் தேசிய கல்வி நிறுவகத்திடம் தமிழில் இருக்கின்றன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் பாடங்கள் உண்டு. ஒருவர் நகரத்தில் இறக்கிப் பிரதி எடுத்து வந்தால் பத்துப் பேர் படிக்கலாம். அந்தப் பிரதிச் செலவைச் சங்கம் ஏற்கிறது.

வினாத்தாளை வாசிப்பது வேறு, எழுதுவது வேறு. மணிக்கூட்டை வைத்து எழுத வேண்டும். பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் ஆகியவற்றின் முதலாம் தாளில் 50 பல்தேர்வு வினாக்கள், நேரம் 2 மணித்தியாலம். ஒரு வினாவுக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. பிழைக்குப் புள்ளி குறைப்பது இல்லை. ஆகவே ஒன்றைக்கூட வெறுமையாக விடக்கூடாது. இணைந்த கணிதத்தில் பி பகுதியில் ஏழில் ஐந்தைத்தான் செய்ய வேண்டும். எந்த ஐந்து என்று பார்க்கத்தான் வாசிப்புக்கு மேலதிகமாக 10 நிமிடம் தருகிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் பேனையைத் தூக்காமல் தாளை முழுவதும் வாசிக்கிற பழக்கம் மண்டபத்தில் போய் வராது, இங்கே பிள்ளைக் காம்பராவில் வர வேண்டும். எழுதியதைப் புள்ளித்திட்டத்தை வைத்து ஒருவருடையதை மற்றவர் திருத்தட்டும். பேராதனைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் கிழக்குக்கும் ஊவா வெல்லஸ்ஸவுக்கும் போன நம் பிள்ளைகள் விடுமுறைக்கு வருவார்கள் அல்லவா? அவர்களைப் பிடித்து உட்கார வையுங்கள். மாலை போட்டு மேடையில் ஏற்றியது போதும்.

அதோடு, இந்த ஒருநாள் கருத்தரங்குகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஐந்நூறு பிள்ளைகளை ஒரு மண்டபத்தில் அடைத்து, பின்னால் பெரிய பேனர் கட்டி, மத்தியானம் சோற்றுப் பார்சல் கொடுத்து அனுப்புகிறார்கள். படத்தில் நன்றாக இருக்கும். பின் வரிசையில் இருந்த பிள்ளைக்கு ஒன்றும் கேட்டிருக்காது. நம் சங்கம் அந்தச் செலவில் பத்துத் தோட்டத்துக்கு ஒரு வருடம் விளக்கு எரியவைக்கும்.

பத்திரங்கள். பரீட்சை மண்டபத்துக்கு அடையாள அட்டை வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, பாடசாலைப் பதிவில் வேறோர் எழுத்து, தகப்பன் பெயர் மூன்றாவது விதம் என்று எத்தனை பிள்ளைகளுக்கு இருக்கிறது! இதைத் தரம் 10 இலேயே பார்த்துத் திருத்துங்கள். பாடசாலைப் பரீட்சார்த்திக்கு 80 வீத வரவும் வேண்டும். "கடைசித் தவணையில் பாடசாலையில் ஒன்றும் நடப்பதில்லை" என்று வீட்டில் நிற்கும் பிள்ளைக்கு இதை ஞாபகப்படுத்துங்கள்.

மழை. 2024 உயர்தரம் நவம்பர் 25 ஆம் திகதி தொடங்கி, இரண்டு நாளில் மழை வெள்ளத்தால் நின்று, டிசம்பர் 4 ஆம் திகதி மீண்டும் தொடங்கியது. அப்படி நிற்கும் என்று நம்பிக்கொண்டு இருக்க முடியாது. பாதை சரிகிற தோட்டங்களில், பரீட்சை நாட்களுக்கு நகரத்தில் எந்த வீட்டில் பிள்ளை தங்கும் என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள். வீடு இல்லாதவர்கள் நமக்குச் சொல்லுங்கள்.

கடைசியாக, நமக்கு நெஞ்சு எரிகிற விஷயம். பரீட்சை முடிந்த மறுவாரம் பிள்ளை கொழும்புக்குப் போய்விடுகிறது. துணிக்கடை, சாப்பாட்டுக் கடை, வீட்டு வேலை. குற்றம் சொல்ல முடியாது, அடகுக் கடையில் தோடு இருக்கிறது. பெறுபேறு வர மாதங்கள் ஆகும். வந்த பிறகு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு கைநூலை வெளியிட்டு, விண்ணப்பிக்கக் குறிப்பிட்ட சில வாரங்கள்தான் தருகிறது. அந்த வாரங்களில் முதலாளி லீவு கொடுப்பதில்லை. பிள்ளை தீபாவளிக்கு வீட்டுக்கு வரும்போது திகதி போய்விட்டது. தகுதி இருந்தும் விண்ணப்பமே போடாத பிள்ளைகள் நம் லயங்களில் இருக்கிறார்கள். அவர்களை நாம் தெரிந்துதான் பேசுகிறோம்.

விண்ணப்பம் போடுகிறவர்களும் தெரிவு வரிசையைக் கண்டபடி போடுகிறார்கள். எது மிகவும் வேண்டுமோ அது முதலாவது. கிடைக்கக்கூடியது என்று நினைப்பது முதலாவது அல்ல. வரிசையில் மேலே இருந்து பார்த்துக்கொண்டு வந்துதான் இடம் கொடுக்கிறார்கள். ஒரு கற்கைநெறிக்குப் பதிவு செய்துவிட்டால், அடுத்த தடவை எழுதி நல்ல பெறுபேறு வந்தாலும் அதை வைத்து மீண்டும் போக முடியாது. எழுத மூன்று தடவை இருக்கிறது. முதல் தடவை தவறிய பிள்ளையை உடனே பிரட்டுக்குப் பெயர் கொடுக்க வைக்காதீர்கள். பட்டப்படிப்புக்கு அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் இல்லை. மகாபொலவும் நிதி உதவிப் பணமும் உண்டு. பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்குப் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி இருக்கிறது. நம் பாடசாலைகளுக்கு ஆசிரியர் வேண்டும் என்பதற்காகவே ஜெர்மன் உதவியுடன் கட்டியது. தொழில்நுட்பக் கல்லூரிகளும் உயர் தேசிய டிப்ளோமாவும் உண்டு.

ஆகவே ஒவ்வொரு தோட்டத் தலைவரிடமும் ஒரு கொப்பி இருக்க வேண்டும். உயர்தரம் எழுதிய பிள்ளையின் பெயர், சுட்டெண், இப்போது எங்கே வேலை, எந்த நம்பரில் பேசலாம். கைநூல் வந்த நாளில் தலைவர் அந்த நம்பர்களுக்குப் பேச வேண்டும். முதலாளி லீவு தராவிட்டால் நாம் பேசுகிறோம். கொப்பிகள் முன்னால் மேசையில் இருக்கின்றன. தேநீர் வருவதற்குள் இந்த வருடம் எழுதும் பிள்ளைகளின் பெயர்களையாவது தொடங்கிவிடுங்கள். விளக்கு இல்லாத மண்டபங்களையும் பின்பக்கத்தில் குறித்துக் கொடுங்கள்.